இன்னொரு கூடலூர்

1985 ஆடி மாதம் தபால்காரர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போன பொட்டலம், நான்கு மாதம் ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தது. காக்கித் தாள் ஓரமெல்லாம் பிய்ந்து, சணல் கயிறு கறுத்து, முத்திரை மேல் முத்திரை விழுந்திருந்தது. என் பெயருக்குக் கீழே 'கூடலூர்' என்று மட்டும் டைப் அடித்திருந்தார்கள். அதை யாரோ சிவப்பு மையில் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில், 'மதுரை ஜில்லா, கம்பம் வழி, கூடலூருக்கு அனுப்பிப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தார்.

சிறுவர் பத்திரிகை ஒன்றில் வந்த பொது அறிவுப் போட்டிக்கு நான் எழுதிப் போட்ட அஞ்சலட்டைக்குக் கிடைத்த பரிசு அது. இருபத்தைந்து கேள்வி. பங்குனியில் என் பெயர் அச்சில் வந்தது. அன்றிலிருந்து சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். சித்ரா பௌர்ணமி வந்தது. ஊரே பளியன்குடி வழியாக மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறிக் கும்பிட்டு இறங்கியது. ஜூன் 1 வந்தது, அணையில் தண்ணீர் திறந்தார்கள், நாற்றுப் பாவினார்கள், நடவும் முடிந்தது. பொட்டலம் மட்டும் வரவில்லை. அஞ்சலட்டையில் நான் மாவட்டத்தையும் எழுதவில்லை, பின்கோடையும் எழுதவில்லை. எனக்குத் தெரிந்து கூடலூர் ஒன்றுதான். மேற்கே மலை, வடக்கே கம்பம், தெற்கே லோயர்கேம்ப், நடுவில் நெல்வயலும் திராட்சைப் பந்தலும். நீலகிரியிலும் ஒரு கூடலூர் இருப்பதை அந்தச் சிவப்பு மைதான் எனக்குச் சொல்லித் தந்தது.

பிரித்தால் உள்ளே ஒரு பொது அறிவுப் புத்தகம். ஆயிரம் கேள்வி, ஆயிரம் விடை. பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது என்பதும் அதில் ஒரு விடை. 625 என்று தொடங்கினால் மதுரை, 643 என்று தொடங்கினால் நீலகிரி. அன்று முதல் இன்றுவரை எந்த உறையிலும் அந்த ஆறு எண்ணை எழுதாமல் நான் விட்டதில்லை.

அதற்கு முன்பே என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு. ஐம்பது பக்கத்துக்கு ஒன்றாக மடித்து நான்கு பாகமாக்கி, வரலாறு, மருத்துவம், சினிமா, பிரபலங்கள் என்று தலைப்புப் போட்டிருந்தேன். டீக்கடை தினத்தந்தியில் படித்தது, கிளை நூலகத்தில் எடுத்தது, இலங்கை வானொலியில் கேட்டது, கடலை மடித்து வந்த தாளில் கண்டது என எல்லாம் அதில் ஏறும். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் விடை. விடை ஒரு வரியைத் தாண்டக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம்.

அந்தச் சட்டத்தை முதலில் உடைத்தவர் என் அப்பா.

அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். பன்னீர் திராட்சை. கவாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். எந்தக் கணுவுக்கு மேலே கத்தரிக்கோலை வைத்தால் எந்தக் கண்ணில் கொத்து வரும் என்று கொடியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார். மருந்தடிக்கும் நாட்களில் அவர் கை மணிக்கட்டு வரை நீலமாக இருக்கும். நகக் கண்ணில் அந்த நீலம் வாரக்கணக்கில் நிற்கும். சோறு பிசையும்போது விரலிடுக்கில் தெரியும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்து, ஒன்றாக ஊற்றிக் கலக்கி அடிப்பார்கள். அதற்குப் போர்டோ கலவை என்று பெயர். கத்தியைக் கலவையில் முக்கி எடுத்துப் பார்ப்பார் அப்பா. இரும்பில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார்.

பரிசுப் புத்தகத்தில் ஒரு கேள்வி: போர்டோ கலவையைக் கண்டுபிடித்தவர் யார்? விடை: மில்லார்டே, பிரான்ஸ், 1885. அன்று சாயந்திரமே தோட்டத்துக்கு ஓடினேன். போர்டோ என்பது பிரான்ஸில் திராட்சை விளையும் ஊர் என்று நூலகத்துப் புத்தகத்தில் பார்த்துவைத்திருந்தேன். வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துவிடாமலிருக்க, பாதையோரக் கொடிகளுக்கு மட்டும் துத்தத்தையும் சுண்ணாம்பையும் பூசிவைப்பது அந்த ஊர் வழக்கம். எங்கும் அடிச்சாம்பல் நோய் வந்து கொடிகள் கருகியபோது பூசிய கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன. அதைக் கவனித்துத்தான் பேராசிரியர் மில்லார்டே கலவையின் அளவைக் கண்டறிந்தார். நாங்கள் பன்னீர் என்று சொல்லும் ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று ஒரு பெயர் இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அப்பா தெளிப்பானைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அங்கயும் அடிச்சாம்பல் வருமாப்பா?"

"வரும்ப்பா. அதுக்குத்தான் கண்டுபிடிச்சதே."

"அப்ப அங்க மருந்தடிக்கிறவனுக்கும் கை நீலமாத்தான் இருக்கும்" என்றார்.

நோட்டில் நான் எழுதியிருந்தது 'மில்லார்டே' என்ற ஒற்றைச் சொல். அன்று இரவு அதற்குக் கீழே, கை நீலமாகும் என்று எழுதினேன். எந்தத் தேர்வுக்கும் வராத விடை அது. என் நோட்டில் ஒரு வரியைத் தாண்டிய முதல் விடையும் அதுதான்.

2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அப்பா இல்லை. ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-ல் இந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று செய்தியில் வந்தது. கொடியும் அங்கிருந்து வந்தது, கொடியைக் காப்பாற்றும் மருந்தும் அங்கிருந்துதான் வந்தது. அப்பா இருந்திருந்தால் இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

சினிமாவை ஒரு பாகத்திலும் மருத்துவத்தை இன்னொரு பாகத்திலும் எழுதிவந்தவனுக்கு, 1984 டிசம்பரில் எதை எங்கே எழுதுவது என்று புரியவில்லை. எங்களூரிலிருந்து அறுபது எழுபது கிலோமீட்டரில் இருக்கும் ஆண்டிபட்டியில் எம்.ஜி.ஆர். நின்றார். நின்றார் என்பது வழக்கமாகச் சொல்வதுதான். அவர் படுத்திருந்தது நியூயார்க் புரூக்ளின் மருத்துவமனையில். ஓட்டுக் கேட்டு ஒரு நாள்கூட அவர் வரவில்லை. மருத்துவமனையில் அவர் சாப்பிடுவதையும் பேப்பர் படிப்பதையும் படம் பிடித்து வந்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். என் அம்மாவும் அதில் ஒருத்தி. டீக்கடையில் பேச்செல்லாம் கிட்னி, கிட்னி. அந்தச் சொல்லையே எங்கள் தெரு அந்த மார்கழியில்தான் கற்றுக்கொண்டது.

உலகில் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முதன்முதலாக வெற்றி கண்டது 1954 டிசம்பரில், பாஸ்டனில். செய்தவர் ஜோசப் மர்ரே. இரட்டையரில் ஒருவர் கொடுக்க, மற்றவர் பிழைத்தார். இந்தியாவில் அந்த வெற்றி 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் கிடைத்தது. பாஸ்டன் நடந்து சரியாக முப்பது வருடம் கழித்து, அதே டிசம்பரில், எம்.ஜி.ஆருக்குச் சிறுநீரகம் பொருத்தினார்கள். ஆண்டிபட்டியில் அவர் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மறுபடி முதலமைச்சராகப் பதவி ஏற்றார்.

மருத்துவமனையில் இருந்துகொண்டே அவர் ஜெயித்தது அதுதான் முதல் முறை என்று எழுதிவைத்திருந்தேன். பிறகு திருத்தினேன். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர்.ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்து, கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தவர் அவர். கழுத்துக் கட்டோடு இருக்கும் அந்தச் சுவரொட்டியைப் பெரியவர்கள் யாரும் மறக்கவில்லை. இரண்டு வெற்றிக்கும் நடுவே பதினேழு வருடம். இரண்டு முறையும் வேட்பாளர் கட்டிலில்.

சிறுநீரகம் கொடுத்தவர் யார் என்று நான் பார்த்த எந்தப் பொது அறிவுப் புத்தகமும் கேட்கவில்லை. எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்கரபாணியின் மகள் லீலாவதி. சித்தப்பாவுக்குத் தன் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அதைச் சொல்லிக்கொள்ளாமல் இருந்தவர். வெளியே தெரியச் சில வருடம் ஆனது. தெரிந்த நாளில் நோட்டின் 'பிரபலங்கள்' பாகத்தில் முதல் பக்கத்தில் இடம் விட்டு அவர் பெயரை எழுதினேன். கேள்வி வந்தால்தான் பெயர் நிற்கும் என்றால், அந்தக் கேள்வியை நான் கேட்கிறேன். இன்றுவரை வகுப்பில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எம்.ஜி.ஆரை வைத்தே நான் ஒரு பரிசை இழந்தேன். 1986-ல் பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் வினாடி வினா. கடைசிச் சுற்று, கடைசிக் கேள்வி. இந்தியாவில் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நடிகர் யார்? "எஸ்.எஸ்.ராஜேந்திரன், 1962, தேனி தொகுதி" என்றேன். நடுவரிடம் இருந்த தாளில் எம்.ஜி.ஆர். என்று இருந்தது. எதிரணி எம்.ஜி.ஆர். என்றது, கைதட்டல் கிளம்பியது. எம்.ஜி.ஆர். சட்டமன்றத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டது 1967-ல்தான் என்று எழுந்து சொன்னேன். உட்காரச் சொன்னார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தேனியிலிருந்து வந்திருந்த என் மாமாவிடம் அன்று ராத்திரி சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாருடா சொன்னது? எஸ்.எஸ்.ஆருக்கு ஓட்டுப் போட்டவன்டா நானு. அப்ப எனக்குக் கலியாணம்கூட ஆகல. லட்சிய நடிகர் வர்றாருன்னு நடந்தே போய்ப் பாத்தோம். என்னையக் கூட்டிட்டுப் போ மாப்ள, அந்த வாத்தியாருகிட்ட நான் சொல்றேன்."

கூட்டிக்கொண்டு போகவில்லை. ஆனால் எனக்கு அன்று ஒன்று பிடிபட்டது. புத்தகத்தில் தேடித் தேடி நான் படித்த விடை ஒரு மனிதரின் விரலில் மையாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதே எஸ்.எஸ்.ஆர். 1980-ல் ஆண்டிபட்டியிலும் ஜெயித்தவர். அடுத்த தேர்தலில் அந்தத் தொகுதிக்குத்தான் எம்.ஜி.ஆர். வந்தார். இதையும் மாமாதான் சொன்னார். அதன் பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு பெரியவர்களிடம் போய் உட்கார ஆரம்பித்தேன். பண்ணைப்புரத்தில் பெண் எடுத்த பெரியப்பா ஒருவர், 1976-ல் அன்னக்கிளி வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பே, அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகப் போன சின்னப் பையனாக இளையராஜாவைப் பார்த்தவர். 1958-ல் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளம் இடைத்தேர்தலில் ரோசம்மா புன்னூஸுக்காகப் பாவலர் பாடியதை அவர்தான் சொன்னார். அதையெல்லாம் எழுத இன்னொரு நோட்டு வேண்டும். இங்கே நான் சொல்ல வேண்டியது அப்பத்தாவைப் பற்றி.

அப்பத்தாவுக்கு அப்போது எண்பது வயதிருக்கும். கையெழுத்துப் போடத் தெரியாது. சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டே, "வாசிடா" என்பாள். நான் கேள்வியை வாசிப்பேன். விடையை நான் சொல்வதற்கு முன் ஏதாவது ஒன்றைச் சொல்வாள். பலதும் தப்பாக இருக்கும். தப்பாக இருந்தாலும் அவளிடம் ஒரு கதை இருக்கும்.

ஒருநாள் கேள்வியில் பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுயிக் வந்தார். எங்கள் பக்கத்தில் அவர் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும். பிள்ளைகளுக்குப் பென்னிகுயிக் என்று பெயர் வைத்தவர்கள் உண்டு. பாலார்பட்டியில் அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை மலைக்கு மேலே மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை. சுண்ணாம்புக்கல் எங்கள் பக்கத்துக் குருவனூத்திலிருந்துதான் மலையேறியது. 1886 அக்டோபர் 29 அன்று ஒப்பந்தம். 999 வருடக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் திறந்துவைத்தார். தேர்வில் இன்றும் இந்த எண்களைத்தான் கேட்கிறார்கள்.

எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். அப்பத்தா உலக்கையை உரலுக்குள் அப்படியே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க தாத்தா அந்த வேலைக்குத்தான்டா போனாரு. திரும்பி வரல. மலக்காச்சல்."

எனக்கு அது புதுச் செய்தி. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் அந்த அணைக்குப் போயிருக்கிறார் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"அவர் பேரு என்ன அப்பத்தா?"

"பேரா?" என்று யோசித்தாள். "எங்க அப்பாயி புருசன் பேரச் சொல்லாது. எங்காத்தா மாமனார் பேரச் சொல்லாது. எங்கப்பன் அப்ப கைப்பிள்ள. நாலு வயசுல அப்பனப் பறிகொடுத்த பிள்ளைக்கு என்ன தெரியும்? வீட்ல எல்லாரும் 'மலைக்குப் போனவரு'ன்னுதான் சொல்லுவாக."

மரியாதை என்று அந்தக் காலத்துப் பெண்கள் பெயரை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு தலைமுறைப் பெண்களின் மரியாதையில் அவர் பெயர் கரைந்துபோயிற்று. அணைக்கட்டில் செத்தவர்களைப் புதைத்த இடம் மலைமேல் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போனாலும் எந்தப் பெயரைத் தேடுவது?

வரலாறு பாகத்தில், பென்னிகுயிக்குக்கு அடுத்த வரியில், மலைக்குப் போனவர் என்று எழுதினேன்.

"அந்தக் காச்சல் எதனால வருதுன்னு ஒன் பொஸ்தகத்துல இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. ஆனால் வேறு பாகத்தில் இருந்தது. மருத்துவம், பதினேழாம் பக்கம். மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதைக் கண்டறிந்தவர் ரொனால்ட் ராஸ். 1897 ஆகஸ்ட் 20, செகந்திராபாத். பிறந்தது இந்தியாவில், அல்மோராவில். 1902-ல் நோபல் பரிசு. அத்தனை வருடமாக அந்த இரண்டு விடையும் என் நோட்டில் தனித்தனிப் பாகத்தில் கிடந்தன. தேர்விலும் அவை தனித்தனிக் கேள்வியாகத்தான் வரும். அன்றுதான் ஒரு கையில் ஒரு பக்கமும் மறு கையில் ஒரு பக்கமுமாகப் பிடித்துக்கொண்டு படித்தேன்.

"அண முடிஞ்சது எந்த வருசம்ன?"

"1895, அப்பத்தா."

"கொசுதான்னு கண்டுபிடிச்சது?"

"1897."

அப்பத்தா இரண்டு விரலை நீட்டினாள். சுண்ணாம்பு காய்ந்துபோன விரல்கள். அவற்றை அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசம்" என்றாள்.

அவளுடைய தாத்தா காலத்தில் மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். மலையில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கும் அதைவிட அதிகம் தெரிந்திருக்கவில்லை. மலேரியா என்ற சொல்லே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்று பொருள்படுவதுதான். எங்கள் ஆட்கள் தண்ணீரைக் குற்றம் சொன்னார்கள், அவர்கள் காற்றைக் குற்றம் சொன்னார்கள். கடித்துவிட்டுப் பறந்ததை யாரும் பார்க்கவில்லை. அணை வேலையில் இருந்த மெக்கென்சி என்ற பொறியாளர் 1899-ல் அந்த வேலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உள்ளூர்ச் சாராயம் மருந்தாக உதவியிராவிட்டால் அணை முடிந்திருக்காது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கிறார். குளிருக்கும் காய்ச்சலுக்கும் பயத்துக்கும் சேர்த்து அதுதான் அவர்களுக்குக் கிடைத்த மருந்து.

ராஸின் கதையிலும் விடையில் வராத ஒருவர் உண்டு. கண்டுபிடிப்பின் நூறாவது ஆண்டான 1997-ல் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹுசேன் கான் என்ற மலேரியா நோயாளி. அவரைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, கொசுக்களை உள்ளே விட்டு, அவரைக் கடிக்கச் செய்தார் ராஸ். ஒரு கொசுக்கடிக்குக் கூலி ஓரணா. அப்படிக் கடித்த ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோதுதான் மலேரியாக் கிருமி தெரிந்தது. நல்லவேளை, ராஸ் அவர் பெயரை எழுதிவைத்தார். அந்தப் பெயரை நான் மலைக்குப் போனவருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

அன்று அப்பத்தா கடைசியாகக் கேட்ட கேள்விதான் என்னை வெகுகாலம் அலைக்கழித்தது.

"கொசுன்னு தெரியாட்டிப் போகுது. காச்சலுக்கு அப்ப மருந்தே இல்லையாடா?"

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். மருந்து இருந்திருக்கிறது. கொய்னா. சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுப்பது. தென் அமெரிக்க மரம். 1860-களில் ஆங்கிலேயர்கள் அதை நீலகிரிக்குக் கொண்டுவந்து பயிரிட்டார்கள். அணை வேலை தொடங்குவதற்கு இருபது வருடத்துக்கு முன்பே மரம் வேர் பிடித்துவிட்டது. தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள். நடுவட்டம் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துத் தேடினேன். உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் இருந்தது.

நூலகத்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெயரையே பார்த்தேன். ஒரு கூடலூரின் மலையில் மருந்து மரம் நின்றது. இன்னொரு கூடலூரின் மலையில் ஆட்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். என் பொட்டலம் அங்கே போய்விட்டு இங்கே வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அப்பத்தாவிடம் போய் மருந்து இருந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் அப்பத்தா என்று சொன்னேன். 1989 மாசியில் அவள் போய்ச் சேரும் வரை அப்படியேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் தெரிந்தே சொல்லாமல் விட்ட ஒரே விடை அது. சொல்லியிருக்க வேண்டும். அவள் தாங்கியிருப்பாள்.

1994-ல் குரூப் 4 எழுதி இளநிலை உதவியாளர் ஆனேன். ஒரு வரி விடைகள்தான் எனக்கு வேலை வாங்கித் தந்தன. எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களூர்ப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் எடுக்கிறேன். எல்லாரும் செல்போனில் கேள்வித் தொகுப்பு வைத்திருக்கிறார்கள். நாலு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும். என்னைவிட வேகம். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு விடைக்குக் கீழேயும், அதில் பெயர் வராத ஒரு ஆளைத் தேடி எழுதி வாருங்கள். போன மாதம் ஒரு பெண், மின்சாரம் பற்றிய கேள்வியில், லோயர்கேம்ப் மின்நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களுக்குச் சாயம் பூசப் போன தன் தாத்தாவை எழுதிக்கொண்டு வந்தாள். வகுப்பில் எழுந்து அவரைப் பெயர் சொல்லி வாசித்தாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

2013 ஜனவரி 15-ல் லோயர்கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த நாள் அது, 1841-ல் புனேயில் பிறந்தவர். கூட்டம் குறைந்த பிறகு ஒரு நாள் போய் நின்று கும்பிட்டுவிட்டு, அங்கிருந்து இரைச்சல்பாலம் வரை நடந்தேன். பேருக்கேற்ற இரைச்சல். அந்தச் சத்தத்தில் நின்றுகொண்டுதான் நடுவட்டம் போவது என்று முடிவு செய்தேன்.

அந்த வருடம் மே மாதம் போனேன். உதகையில் பஸ் ஏறி, பைக்காரா தாண்டி, நடுவட்டத்தில் இறங்கினேன். மலை முழுக்கத் தேயிலை. சின்கோனா இருக்கிறதா என்று டீக்கடையில் கேட்டேன். வயதான தோட்டத் தொழிலாளி ஒருவர், "கொய்னா மரமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தார். மேட்டில் ஒதுங்கி நின்ற ஒரு மரத்தைக் காட்டினார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, இலை நரம்பு லேசாகச் சிவந்து. உதிர்ந்து கிடந்த ஒரு பட்டைத் துண்டை எடுத்து என் கையில் வைத்து, "கடிச்சுப் பாருங்க சார்" என்றார்.

கடித்தேன். வேப்பங்கொழுந்தின் கசப்பு நாக்கோடு போய்விடும். இது தொண்டைக்குள் இறங்கி நின்றது. கண்ணில் நீர் வந்தது. "யாருக்காவது காய்ச்சலா?" என்று கேட்டார். எங்கள் அப்பத்தாவின் தாத்தாவுக்கு என்றேன். எப்போது என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் இன்னும் இரண்டு பட்டைத் துண்டைப் பொறுக்கி, வெற்றிலை மடிப்பதுபோல ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

கூடலூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டார். "கூடலூர்" என்றேன். வளைவு வளைவாகப் பஸ் இறங்கியது. ஊருக்குள் நுழைந்ததும் தபால் நிலையப் பலகையைத் தேடினேன். 1985-ல் சிவப்பு மையில் எழுதியவர் அங்கே இருக்க வழியில்லை. ஆனாலும் உள்ளே போய், ஓர் உறை வாங்கி, பட்டைத் துண்டு ஒன்றை அதில் போட்டு, எங்கள் வீட்டு முகவரியை மாவட்டத்தோடும் ஆறு எண்ணோடும் முழுதாக எழுதி ஒட்டினேன். வாங்கிய ஊழியப் பெண் முகவரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"தேனியிலயும் ஒரு கூடலூர் இருக்கா சார்?"

இருக்கும்மா என்றேன். நாக்கில் கசப்பு இன்னும் இருந்தது.

உறை மூன்றாம் நாள் வந்து சேர்ந்துவிட்டது.